பெப் பேண்டில் சேரப் போகிறீர்களா? ஊதுவதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை

அமெரிக்காவுக்கு எம்எஸ் படிக்கப் போன இரண்டாவது மாதம், கல்லூரி பேண்டில் சேர்ந்திருக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். "படிக்கத்தானே போன, அங்க போயும் பேண்டா?" என்றார். அவர் மனதில் ஓடியது எங்கள் நாகர்கோவில் பக்கம் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வரும் பேண்டு செட். முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. கூட்டம் சோர்ந்துபோகிற நேரம் பார்த்து உசுப்பேற்றுவதுதான் இரண்டுக்கும் வேலை, என்ன, இங்கே மாப்பிள்ளைக்குப் பதிலாகக் கூடைப்பந்து அணி. நான் சேர்ந்த அதற்குப் பெயர்தான் பெப் பேண்டு.

பள்ளியில் ஆறு வருடம் டிரம்பெட் ஊதியவன் நான். சுதந்திர தின அணிவகுப்பு, விளையாட்டு விழா, அவ்வளவுதான் அனுபவம். அப்புறம் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடமும் அதைத் தொடவே இல்லை. அப்படிப்பட்டவனைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே மேற்படிப்புக்குப் போகிறவர்கள், அங்கேயே வளர்ந்து இந்த வருடம் கல்லூரிக்குள் நுழைகிற நம் வீட்டுப் பிள்ளைகள், இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த பேண்டு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பேண்டு மாதிரித்தான் தெரியும். மார்ச்சிங் பேண்டு என்பது அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் சீருடையோடு கோடு பிசகாமல் நடந்துகொண்டே வாசிப்பது. அதற்குக் கோடை விடுமுறை முடிவதற்கு முன்பே முகாம், வாரத்தில் பல நாள் பயிற்சி, அடி எண்ணி நடப்பது எல்லாம் உண்டு. பெப் பேண்டு அதைவிடச் சின்னது. கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, சில இடங்களில் கைப்பந்து ஆட்டத்துக்கும் அரங்கத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிக்கிற கூட்டம். டி-ஷர்ட்தான் சீருடை. நடக்க வேண்டியதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஸ்கிராம்பிள் பேண்டு என்று ஒன்று இருக்கிறது. கார்னெல் தவிர்த்த ஐவி லீக் கல்லூரிகள், ஸ்டான்ஃபோர்டு, ரைஸ் இவற்றில் வேரூன்றிய வழக்கம். மைதானத்தில் நடக்க மாட்டார்கள், ஒரு உருவத்திலிருந்து அடுத்த உருவத்துக்கு இஷ்டத்துக்கு ஓடுவார்கள், ஒலிபெருக்கியில் ஒருவர் கிண்டலாக எதையாவது படித்துக்கொண்டிருப்பார். பிரின்ஸ்டன் பேண்டில் கண்ட சாமானையும் தட்டி வாசிக்க ‘டிராஷ் பெர்கஷன்’ என்று தனிப் பிரிவே உண்டு. 1924-ல் தொடங்கிய பிரவுன் பல்கலைக்கழக பேண்டு ஐஸ் ஸ்கேட் கட்டிக்கொண்டு பனித்தளத்தில் சறுக்கியபடி வாசிப்பதற்குப் பேர் போனது. இந்த ரகத்தில் வாசிப்புத் திறமையைவிடக் கூச்சமில்லாத மனசுதான் முக்கியம்.

உங்கள் கல்லூரியில் பெப் பேண்டு என்று பலகை மாட்டியிருந்தாலும் அது எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். விளையாட்டில் பெரிய கல்லூரிகளில் மார்ச்சிங் பேண்டு ஆட்களிலிருந்து தேர்வு வைத்துப் பொறுக்கியெடுப்பார்கள், அங்கே நேராகப் போய்ச் சேர முடியாது. நான் சொல்லப்போவது அந்த மாதிரி அல்ல, வந்தவர்களை எல்லாம் வா என்று கூப்பிடும், பெரும்பாலும் மாணவர்களே நடத்தும் பேண்டு. வாரம் ஒரு பயிற்சி, ஆட்டங்கள், அவ்வளவுதான் கணக்கு.

சேர்வது எப்படி

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ மாணவர் சங்கங்கள் எல்லாம் வரிசையாக மேசை போட்டு ஆள் பிடிக்கும் நாள் ஒன்று வரும். அதில் சத்தம் அதிகமாக வரும் மேசைதான் பேண்டு மேசை, தேடவே வேண்டாம். அந்த நாளைத் தவறவிட்டால் மின்னஞ்சல் போடுங்கள். என்ன வாத்தியம், எத்தனை வருடம் வாசித்தேன், கடைசியாக எப்போது வாசித்தேன், கையில் வாத்தியம் இருக்கிறதா, இந்த நான்கும் நாலு வரியில் இருந்தால் போதும். ஊரில் வாங்கிய சான்றிதழ், கிரேடு தேர்வு மதிப்பெண்ணை எல்லாம் இணைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அங்கே ஒருவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மேற்படிப்பு மாணவர்களுக்கு இது நமக்கில்லை என்று ஒரு தயக்கம் வரும். எனக்கும் வந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்காருவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். போய்ப் பார்த்தால் டிராம்போன் வரிசையில் முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் வருடத்தில் இருப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட பேண்டுகள் பலவற்றில் இளநிலை, முதுநிலை என்ற பாகுபாடு கிடையாது.

வாத்தியம் இல்லையா? கேளுங்கள். சூசாஃபோன், பாரிட்டோன், டிரம்ஸ் மாதிரிப் பெரிய சாமான்களைப் பெரும்பாலும் கல்லூரியே வைத்திருக்கும், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். டிரம்பெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் ஊதுகிறவர்கள் எங்கேயும் மிதமிஞ்சி இருப்பார்கள். அடிச்சுருதிக்காரர்களுக்குத்தான் எப்போதும் பஞ்சம். ஆகவே ஒரு யோசனை: ஏதாவது ஒரு காற்று வாத்தியத்தில் நோட்டு படிக்கத் தெரியும், ஆனால் பெரிய கைத்தேர்ச்சி இல்லை என்றால் சூசாஃபோனுக்கு மாறுங்கள். உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரிக் கிடக்குமே, தலைக்கு மேல் பெரிய பூவோடு, அதுதான். பெப் பேண்டுப் பாட்டுகளில் அதன் பங்கு பெரும்பாலும் நாலைந்து சுரம்தான், அதையே திருப்பித் திருப்பி வாசிப்பது. இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும், அதற்குள் நீங்கள் பேண்டின் செல்லப்பிள்ளை ஆகியிருப்பீர்கள்.

மிருதங்கம், தவில் படித்தவர்கள் கவ்பெல், டாம்பரின் பக்கம் ஒதுங்கிப் பார்க்கலாம். தாளம் பிசகாமல் நிற்கிற ஆளை எந்த பேண்டும் விரட்டாது. வயலின், வீணைக்காரர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

நம் சங்கீதம் தெரிந்தவர்கள் இடறி விழும் இடம்

எழுதியிருப்பது ஒரு சுரம், கேட்பது வேறு சுரம் என்பதில்தான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். டிரம்பெட்காரர் தன் தாளில் இருக்கும் ‘சி’யை ஊதினால் பியானோவில் அது பி ஃப்ளாட். ஆல்ட்டோ சாக்ஸபோனின் ‘சி’ உண்மையில் ஈ ஃப்ளாட். மெல்லஃபோன் என்கிற பித்தளை வாத்தியத்தின் ‘சி’ எஃப். புல்லாங்குழல், டிராம்போன் மாதிரிச் சில வாத்தியங்கள் எழுதியபடியே ஒலிக்கும். இதைக் கட்டைக் கணக்கில் சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸபோனுக்கு ‘சி’தான் ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டால் அவை ஆறரைக் கட்டை, ஆல்ட்டோ இரண்டரைக் கட்டை, மெல்லஃபோன் நான்கு கட்டை. எல்லாரையும் ஒரே சுருதியில் நிறுத்தத்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் கொடுக்கிறார்கள்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பயிற்சியில் ‘கான்செர்ட் பி ஃப்ளாட்’, அதாவது பியானோவில் கேட்கிற பி ஃப்ளாட், என்று இயக்குநர் கத்தினால் அது உங்கள் வாத்தியத்தில் எந்தச் சுரம் என்று யோசிக்காமல் விரல் போக வேண்டும். டிரம்பெட்டுக்கு சி, ஆல்ட்டோவுக்கு ஜி, மெல்லஃபோனுக்கு எஃப். பேண்டு உலகம் பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப் இந்த மூன்று ஸ்கேலைச் சுற்றித்தான் பெரும்பாலும் ஓடுகிறது, முதல் வாரம் இந்த மூன்றை மட்டும் சாதகம் செய்தாலே போதும்.

காதால் கேட்டுப் பிடிப்பவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் அறவே படிக்க வராது என்றால் கொஞ்சம் சிரமப்படுவீர்கள், ஏனென்றால் கையேட்டில் ஐம்பது அறுபது பாட்டு இருக்கும், எதை எப்போது கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. கமகத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பத்து டிரம்பெட் ஒரே சுரத்தை நேராக ஊதும்போது பதினோராவது ஆள் அதை லேசாக அசைத்தால் அது அழகாக இருக்காது, சுருதி விலகின மாதிரித்தான் கேட்கும். கத்ரி கோபால்நாத் அந்த சாக்ஸபோனிலேயே கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டினார்தான், அது தனிக் கச்சேரி மேடை.

வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

ஃப்ளிப் ஃபோல்டர் என்று உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புக் கையேடு, பிளாஸ்டிக் உறைகளோடு. அதை வாத்தியத்தில் மாட்ட லயர் என்ற கிளிப். பெரும்பாலும் பேண்டே கொடுக்கும், கொடுக்காவிட்டால் வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் லயர் வேறுவேறு என்பதால் கடையில் வாத்தியத்தின் பெயரைச் சொல்லி வாங்கவும். போனில் பார்த்து வாசிக்கலாமே என்று தோன்றும். திரை அணைந்து போகும், எண்ணைச் சொன்ன மூன்றாவது விநாடி பாட்டு தொடங்கிவிடும், நீங்கள் இன்னும் கடவுச்சொல் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பென்சில், வால்வு ஆயில், மர ரீட் வாத்தியம் என்றால் கூடுதலாக இரண்டு ரீட், வெளியில் வாசிக்கப் போனால் தாள் பறக்காமலிருக்கத் துணி காயப்போடும் கிளிப் இரண்டு. அப்புறம் காது அடைப்பான். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் எல்லை என்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். கூரை மூடிய அரங்கம், பின்னால் டிராம்போன், பக்கத்தில் சிம்பல், கத்துகிற கூட்டம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இசைக்காரர்களுக்கென்றே விற்கிற அடைப்பான் சுரத்தை மழுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும்.

புது வாத்தியம் வாங்காதீர்கள். படிக்கட்டு நெரிசலில் இடிபடும், மேலே சோடா சிந்தும். வீட்டில் நல்ல வாத்தியம் இருந்தால் அதைக் கச்சேரிக்கு வைத்துக்கொண்டு இதற்கு ஒரு பழைய சாமானைத் தேடுங்கள். ஐஸ் ஹாக்கிக்கு வாசிப்பதென்றால் மர கிளாரினெட்டை எடுத்துப் போகவே கூடாது, குளிரில் விரிசல் விடும். பிளாஸ்டிக் கிளாரினெட் போதும். அந்தக் குளிரில் இன்னொன்றும் நடக்கும்: குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். ஆகவே வாசிக்காத நேரத்திலும் சத்தம் வராமல் உள்ளே மூச்சை விட்டுச் சூடாக வைத்திருங்கள். மவுத்பீஸை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொள்வதும் நல்லது, பனியில் கிடந்த உலோகத்தில் உதட்டை வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

முதல் பயிற்சி

பத்து நிமிடம் முன்னால் போய், "நான் புதுசு, எங்கே உட்காரட்டும்?" என்று உங்கள் வாத்தியக்காரர்களில் யாரையாவது கேளுங்கள். மூன்றாம் பங்கு, அதாவது கீழ்ச் சுரப் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உச்சஸ்தாயி வாசிக்க ஆசையாகத்தான் இருக்கும், நாலு வருடம் வாத்தியத்தைத் தொடாத உதடு அரைமணி நேரத்தில் செத்துவிடும். எனக்கு முதல் நாள் நாற்பதாவது நிமிடத்தில் காற்று மட்டும்தான் வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே வாத்தியத்தை வாயில் வைத்து விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டு, உதடு போனால் கீழே வைத்துவிடு, யாரும் கணக்கு எடுப்பதில்லை என்றார். ஆமாம், உதடு தசைதான். தினம் பதினைந்து நிமிடம், நீண்ட சுரமாகப் பிடித்து ஊதினால் மூன்று வாரத்தில் தேறும்.

எல்லாப் பாட்டையும் முதல் நாளே வாசிக்கப் பார்க்காதீர்கள். முதலில் ஃபைட் சாங் என்கிற, அணியை உசுப்பேற்றும் கல்லூரியின் போர்ப்பாட்டு, அப்புறம் தேசிய கீதம், அப்புறம் ஆல்மா மேட்டர் என்கிற கல்லூரிப் பாட்டு. இந்த மூன்றும் மனப்பாடம் ஆக வேண்டும், மற்றதெல்லாம் பார்த்து வாசிக்கலாம். போர்ப்பாட்டை ஒரே ஆட்டத்தில் பத்துத் தடவைக்கு மேல் வாசிக்க நேரும், அப்போது தாளைப் புரட்டிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

தெரியாத இடம் வந்தால் ஊதாமல் விட்டுவிடுங்கள். தப்பான சுரத்தைத் தைரியமாக ஊதுவதைவிட நாலு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று) சும்மா இருந்துவிட்டு ஐந்தாவது பாரில் சேர்ந்துகொள்கிற ஆளைத்தான் பேண்டு விரும்பும்.

ஆட்ட நாள்: எப்போது ஊதலாம், எப்போது கூடாது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் போகப்போகத் தெரிந்துவிடும்.

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேண்டு வாத்தியம் வாசிக்கக் கூடாது. கல்லூரிக் கூடைப்பந்தின் அடிப்படை விதி இது. விசில் அடித்து ஆட்டம் நின்ற பிறகு, அடுத்து பந்து உள்ளே வருவதற்குள் தொடங்கி முடித்துவிட வேண்டும். ஆகவே இந்த வேலைக்கு நன்றாக வாசிக்கிறவரைவிடச் சட்டென்று நிறுத்துகிறவர்தான் தேவை. நல்ல தவில்காரர் கெட்டிமேளத்துக்குத் தாலி கட்டுகிற கையையே பார்த்துக்கொண்டிருப்பார் இல்லையா, அந்தக் கவனம்தான் இது.

ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே இறங்கிய பிறகு ஆட்டம் முதல் தடவை நிற்கும்போது தொலைக்காட்சி விளம்பரத்துக்கான இடைவேளை வரும். பெண்கள் ஆட்டம் பத்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி, அதில் ஒவ்வொன்றிலும் 5 நிமிடத்துக்குக் கீழே போனதும் இதே மாதிரி இடைவேளை. நீளமான பாட்டுகள் இங்கேதான். அணிகள் கேட்டு வாங்கும் முப்பது விநாடி இடைவேளையில் இருபது விநாடித் துண்டு ஒன்றுக்குத்தான் இடம். இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தீர்கள் என்றால், 16:20 ஆகும்போதே வாத்தியம் மடியிலிருந்து எழும்பி வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். பழைய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான், பார்த்தால் சும்மா கதை பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும், விசில் அடித்ததும் அத்தனை பேர் கையிலும் வாத்தியம் தயாராக இருக்கும்.

எல்லா இடைவேளையும் பேண்டுக்குச் சொந்தமில்லை. சிலவற்றை விளம்பரதாரர் போட்டிகளும் ஒலிப்பதிவுப் பாட்டும் எடுத்துக்கொள்ளும். இயக்குநர் காதில் மாட்டியிருக்கும் கருவியில் அதற்கான உத்தரவு வந்துகொண்டிருக்கும். அவர் முகம் சுளித்தால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டு எண்ணை விரலில் காட்டுவார். இரண்டு விரல், அப்புறம் மூன்று விரல் என்றால் 23. வாத்தியத்தை வைத்துக்கொண்டே புரட்டப் பழகுங்கள். பல பேண்டுகளில் தலை உச்சியைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து என்று அர்த்தம், மடக்கிய முஷ்டியை உயர்த்தினால் முடிவுக்குப் போகிறோம் என்று அர்த்தம், கையை வீசி மூடினால் அந்த நொடியே கட். சைகைகள் இடத்துக்கு இடம் மாறும், முதல் பயிற்சியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நல்ல இடத்தில் இருந்தாலும் சரி, பாட்டு உச்சத்துக்கு இன்னும் ஒரு பார்தான் இருந்தாலும் சரி, கட் என்றால் கட்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது ஆட்டம், கடைசி நிமிடங்கள், இரண்டு புள்ளிதான் வித்தியாசம். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, நான் தாளில் மூழ்கிவிட்டேன். கையை மூடியிருக்கிறார், மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், எதிரணிக்காரர் பந்தை உள்ளே எறியக் கை தூக்கிவிட்டார், அந்த அமைதியில் நான் மட்டும் ஒரு நீண்ட சுரத்தை, அதுவும் இத்தனை நாளில் முதல்முறையாகச் சுத்தமாக, பிடித்துக்கொண்டு இருந்தேன். நடுவர் திரும்பிப் பார்த்தார். எதிரணிப் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். அரங்கமே திரும்பிப் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஒவ்வொரு வரி முடிவிலும் கண் தாளை விட்டு மேலே வரும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

முதல் ஆட்டத்துக்குப் பெண்கள் அணியின் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், கைப்பந்து இருந்தால் அதுவும் சரி. பேண்டு ஆட்கள் குறைவாக வருவதால் உங்களுக்கு மதிப்பு அதிகம், வரும் ரசிகர்கள் உண்மையிலேயே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள், பதற்றமும் குறைவு. பெரிய ஆட்டத்துக்கு மட்டும் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை பேண்டு சீக்கிரமே அடையாளம் கண்டுவிடும்.

ஆட்டக்காரர் யாராவது அடிபட்டு விழுந்தால், எந்த அணியாக இருந்தாலும், வாத்தியம் கீழே. தேசிய கீதத்துக்கு முன்னால் ‘சும்மா இரண்டு சுரம்’ ஊதிப் பார்க்காதீர்கள். எதிரணியைக் கேலி செய்வது பெப் பேண்டின் பிறப்புரிமை மாதிரி, ஆனால் ஆட்டக்காரரின் நிறம், உடம்பு, குடும்பம் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. பக்கத்தில் யாராவது அப்படிக் கத்தினால் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

பேண்டு களத்துக்குள் போகக் கூடாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 1982 நவம்பர் 20, கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் ஆடிய அமெரிக்கக் கால்பந்து. ஆட்டம் முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டு பேண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. உண்மையில் ஆட்டம் முடியவில்லை. கலிஃபோர்னியா அணியினர் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி பேண்டுக்கு நடுவிலேயே ஓடி, கடைசியில் ஒரு டிராம்போன்காரர் மேல் மோதியபடி எல்லையைத் தொட்டார்கள். கலிஃபோர்னியா 25, ஸ்டான்ஃபோர்டு 20. இத்தனை வருடம் ஆகியும் கல்லூரி பேண்டு என்றாலே அமெரிக்கர்கள் இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பயணம், பணம், ராகிங்

மார்ச் மாதம் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்கு அணி தகுதி பெற்றால் பேண்டும் கூடவே பயணம் போகும். ஆனால் 29 பேருக்குத்தான் இடம். யாரைக் கூட்டிப்போவது என்பதற்குப் பெரும்பாலும் வருகைப் பதிவுதான் அளவுகோல். டிசம்பரில் ஆளில்லாத ஆட்டத்துக்கு வந்தவர்கள் பெயர் அப்போது மேலே இருக்கும்.

சில சமயம் கல்லூரியின் சொந்த பேண்டு வர முடியாமல் போகும். 2024 மார்ச்சில் ஸ்போகேன் நகரத்தில் யேல் ஆடியபோது அந்தக் கல்லூரி பேண்டு வரவில்லை. ஐடஹோ பல்கலைக்கழக பேண்டு யேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்களின் போர்ப்பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து வாசித்தது. யேல் 78-76 என்று ஆபர்ன் அணியை வீழ்த்திவிட்டது. யாருக்கு வாசிக்கிறோம் என்பதைவிட வாசிக்கக் கூப்பிட்டார்களே என்பதுதான் பேண்டுக்காரர்களுக்குப் பெரிசு.

பணம் பற்றி: பெரும்பாலும் கிடைப்பது இலவச அனுமதி, டி-ஷர்ட், பீட்சா. சில கல்லூரிகள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தருவதும் உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலை என்ற வரம்பில் அதையும் சேர்க்க வேண்டுமா என்பது அந்தப் பணத்தை எந்தப் பெயரில் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே ஆசிரிய உதவியாளராக 20 மணி நேரம் இருப்பவர்கள் இதில் விளையாடவே வேண்டாம்.

ராகிங். அங்கே ஹேஸிங் என்பார்கள். புதியவர்களுக்குச் செல்லப் பெயர் வைப்பது, கேலிப்பாட்டில் இழுத்துவிடுவது, டிரம்ஸைத் தூக்கி வரச் சொல்வது இதெல்லாம் எங்கும் உண்டு, ரசிக்கலாம். குடிக்கச் சொல்லி வற்புறுத்துவது, அடிப்பது, அவமானப்படுத்துவது வேறு. 2011-ல் ஃபுளோரிடாவில் ஒரு புகழ்பெற்ற மார்ச்சிங் பேண்டின் பேருந்துக்குள் இப்படி நடந்ததில் ஒரு மாணவர் இறந்தே போனார். ராகிங்கில் கொல்லப்பட்ட மருத்துவ மாணவர் நவரசுவின் வழக்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘பாரம்பரியம்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், மாணவர் நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். பெரும்பாலான பெப் பேண்டுகள் பாடப்புத்தகமும் கையுமாக இடைவேளையில் வீட்டுப்பாடம் போடுகிற பிள்ளைகளால் ஆனவை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மறுநாள் தேர்வு இருந்தால் வர முடியாது என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் எரிச்சல், அதிலும் அன்றைக்கு ஒரே சூசாஃபோன் நீங்கள்தான் என்றால்.

ஆட்டம் முடிந்ததும் உடனே பையை மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் கல்லூரிப் பாட்டு வாசிக்க வேண்டும், அது முடிந்த பிறகு கூட்டம் கலைகிறவரை இன்னும் இரண்டு பாட்டு ஓடும். அந்த இரண்டு பாட்டுக்கு மட்டும் கடிகாரமும் இல்லை, நடுவரும் இல்லை, இயக்குநரே சில சமயம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், முடிகிற இடம் வரைக்கும் முழுசாக வாசிக்கலாம். அப்புறம் டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபையரையும் வண்டியில் ஏற்ற நாலு கை வேண்டும். பீட்சா அதற்கப்புறம்தான் வரும்.